கொஞ்சம் சூடு போடுங்கண்ணே

1999ஆம் வருஷம், தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஓப்பநாயக்க பஸாருக்கு மேலே, பஸ் போகாத உயரத்தில் இருக்கிற கிரிகந்த தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில், காலை ஒன்பது மணிக்கு இந்திரகுமார் இரண்டு வரிசை சீட் வைத்த டபுள்கேப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். தோட்டத்து டிரைவர் அவன். எத்தனையோ பேருடைய பிரசவத்துக்கு அதே வாசலில் அதே வண்டியை நிறுத்தியிருக்கிறான். அன்றைக்கு உள்ளே படுத்திருந்தது அவன் பெண்டாட்டி.

ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் வலி எடுத்தது. வண்டியை எடுக்கக்கூட நேரம் கொடுக்காமல், டிஸ்பென்சரிக்குள் வந்ததுமே விஜயகலா பெற்றுவிட்டாள். ஆண் பிள்ளை. கலியாணம் முடித்துப் பதினோரு வருஷம், அதற்குள் இரண்டு வயிற்றிலேயே கலைந்து போய், இனி இல்லை என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பிறகு வந்த பிள்ளை. ஒரு கையில் அடங்கிவிடும் போல இருந்தது. அழுகைகூட பூனைக்குட்டி முனகுவது மாதிரிதான் வந்தது.

வெளியே பனிமூட்டம் தேயிலைச் செடிகளைத் தின்றுகொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவிச்சி அழகம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். நாற்பத்தைந்து வயசுக்காரி, யாருக்கும் பயந்து பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"கொமாரு, புள்ளைக்கு ஒடம்புல சூடு நிக்க மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி சூட்டுப் பெட்டியில வச்சாதான் உண்டு."

"இப்பவே கெளம்பிருவோம்க்கா."

"இந்தக் குளுருலயா? மூணு மணி நேரம் போவணும். இங்க அடுப்புப் பக்கத்துல வச்சி, சாராயப் போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி அண்டக்குடுத்திருக்கேன். அதுல உயிர் நிக்கிது. வண்டியில ஏத்துனா அரை மணிநேரத்துல போத்தல் ஆறிப்போகும். வண்டிக்குள்ள சூடு போடுறது ஒண்ணு இருக்குமே, அது வேல செய்யுதா?"

இந்திரகுமார் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

ஹீட்டர் என்ற சாமான் ஜப்பானிலிருந்து வருகிற எல்லா வண்டியிலும் இருக்கத்தான் செய்கிறது. அதை மதிக்கிறவர்கள்தான் நம் நாட்டில் இல்லை. கீழே எம்பிலிப்பிட்டிய வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்போது ஹீட்டரை எவன் தேடுவான்? பெரிய மந்திரமும் இல்லை அது. எஞ்சின் சூட்டில் கொதிக்கிற தண்ணீரை இரண்டு பைப் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, அதன்மேல் ஒரு காற்றாடி ஊதுகிறது. அவ்வளவுதான். அது ஒரு சொட்டு ஒழுகினால் போதும், நம் மெக்கானிக் பாஸ்மாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. இரண்டு பைப்பையும் கழற்றி, வெளியிலேயே ஒன்றோடு ஒன்றை வளைத்து மாட்டிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே போகாது, ஒழுகாது, வேலை முடிந்தது. கையோடு எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிற தேர்மோஸ்டட் வால்வையும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். குளிர் நாட்டுக்காரன் தனக்காகச் செய்தது, நமக்கு எதற்கு என்பது அவர்கள் கட்சி.

இந்திரகுமாரின் வண்டிக்கும் அந்த வைத்தியம் நடந்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. ஒழுகிய தண்ணீர் காலை நனைக்கிறது என்று சொல்லி, செய்யச் சொன்னவனே அவன்தான்.

அவன் மறுபடி வண்டிக்குள் ஏறி, இல்லாத ஒன்றை எதிர்பார்க்கிற பைத்தியக்காரன் மாதிரி சுவிட்சைத் திருப்பினான். காற்று வந்தது. பச்சைக் குளிராக வந்தது.

தோட்டத்துத் தொரையின் ஜீப் கொழும்புக்குப் போயிருந்தது. மழையில் டெலிபோன் செத்து மூன்று நாள். ஆனால் தேயிலை ஸ்டோரில் டிரக்டர் ரிப்பேருக்காக முஹ்ஸின் பாஸ் வந்திருக்கிறார் என்பது ஞாபகம் வந்ததும் இந்திரகுமார் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான். ஓப்பநாயக்க பஸாரில் கராஜ் வைத்திருக்கிறவர் முஹ்ஸின். கனத்த உடம்பு, கெட்ட கோபம், தங்கமான கை. அந்த வளைவுப் பைப்பை மாட்டியவரும் அவரே.

"ஹீட்டரா? உனக்கு என்ன கிறுக்கா குமார்? நான் இங்க டிரக்டரப் பிரிச்சிப் போட்டுக்கிட்டு இரிக்கிறன்."

"பாஸ், எம்புள்ள பொறந்திருக்கு. குளுருல போயிரும் பாஸ்."

முஹ்ஸின் டிரக்டரை அப்படியே விட்டார். ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்போடு மேட்டில் ஓட்டமும் நடையுமாக வந்தார். பொனட்டைத் திறக்கும்போது மட்டும் பிஸ்மில்லா சொன்னார்.

வளைவுப் பைப் கழன்றது. இரண்டு ஹோஸ் பைப்பையும் அதனதன் வாயில் மாட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார்கள். முன்பு போலவே உள்ளே காலடியில் தண்ணீர் சொட்டியது. முஹ்ஸின் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தலையை நுழைத்தார்.

"என்ன பாஸ்?"

"குட்டி ரேடியேட்டர்ல ஓட்டையே இல்ல." அவர் குரல் இறங்கியிருந்தது. "பைப் மாட்டுற எடத்துல கிளிப் லூஸ். அண்டைக்கு நான் உள்ளுக்குப் பாக்கவே இல்ல. ஒரு கிளிப் வேல, குமார். அஞ்சு நிமிஷம்."

இந்திரகுமார் அப்படியே கால்படியில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் நினைப்பு முழுக்க இருளாயி மேல் போய்விட்டது. அஞ்சாம் நம்பர் லயத்து வீட்டு வரிசையில் குடியிருந்த பெண். போன வருஷம் இதே தையில், பிறந்து மூன்று நாளான பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று இதே வண்டியில் ஏறினாள். கூட வர ஆளில்லை. புருஷன் கொழும்பில் கடையில் நின்றான். முன் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள். மலை இறங்கும்போது கேட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் சூடு போடுங்கண்ணே. புள்ள வெறைக்குது."

அது வேலை செய்யாது தங்கச்சி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள் என்று சொன்னான். இரண்டாம் தரமும் கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். கோயில் முடக்கு வளைவைத் தாண்டிய பிறகு அவள் கேட்கவில்லை. தொந்தரவு விட்டது என்று அவன் நினைத்தான். நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிய நர்ஸ், இது போய் ஒரு மணிநேரத்துக்கு மேலாகிவிட்டது என்றாள். அந்த ஒரு மணிநேரமும் இருளாயி அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டுதான் வந்தாள். மூன்றாம் நாள் ஜன்னி கண்டு அவளும் போனாள். சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்ததும் இந்த வண்டிதான்.

ஒரு கிளிப் வேலை.

"எந்திரி," என்றார் கிளிப்பை இறுக்கிவிட்டு வெளியே வந்த முஹ்ஸின். "அழுகிறத்துக்கு இது நேரமில்ல. வண்டிய மூக்கு மேல பாக்குற மாதிரி மேட்டுல நிப்பாட்டு. பைப்புக்குள்ள காத்து அடைச்சிரிக்கி, அத வெளிய எடுக்கணும்."

அவன் எழுந்தான். வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தினான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டதும் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நின்ற பிறகு மூடினார்கள். சுடுதண்ணீரைத் திறந்துவிடுகிற டாப்பின் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. முஹ்ஸின் எண்ணெய் விட்டு, குறட்டால் இழுத்து, டாப்பை முழுசாகத் திறந்தார். வால்வ் இல்லாததால் எஞ்சின் சூடேறவில்லை. அதற்கும் அவர் வழி கண்டார். ஸ்டோரில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியிலிருந்து ஈயத்தாளை உரித்துக்கொண்டு வந்து ரேடியேட்டருக்கு முன்னால் மூடிக் கட்டினார். குளிர்காற்று எஞ்சினில் படாமல் போனது. சூடு காட்டுகிற மீட்டரின் ஊசி மெல்ல மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது.

"கைய வச்சிப் பாரு."

இரண்டு பைப்பும் தொட முடியாமல் சுட்டன. இந்திரகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே ஏறிச் சுவிட்சைத் திருப்பினான்.

காற்று வந்தது.

குளிராக வந்தது.

முஹ்ஸின் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். டேஷ்போர்டின் அடிப்பலகையை நான்கு ஸ்குரூவையும் கழற்றி எடுத்தார். சூட்டுக்கும் குளிருக்கும் மாறுகிற கதவு ஒழுங்காகத் திறந்து மூடியது. காற்றாடி சுற்றியது. குட்டி ரேடியேட்டரில் விரலை வைத்தவர் சுரீரென்று இழுத்துக்கொண்டார். விரல் சிவந்துவிட்டது. அதே கையை, ஒரு சாண் தள்ளி, காற்று வருகிற வாயில் வைத்தார். கை மயிர் குத்திட்டு நின்றது.

அவர் அதைத் திரும்பத் திரும்ப மூன்று தரம் செய்து பார்த்தார்.

"இரும்பு சுடுது. காத்து குளிருது." அவர் இந்திரகுமாரைப் பார்க்காமலே சொன்னார். "இருபத்தெட்டு வருஷமா வேல செய்றன். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் எடம்தான் இரிக்கி. அதுக்குள்ள சூடு எங்க போகுதுன்னு எனக்கு வெளங்கல்ல."

அப்போதுதான் இந்திரகுமாருக்கு அந்த வாசம் அடித்தது. காற்றோடு சேர்ந்து வந்தது. நனைந்த கம்பளி வாசம். அதற்குள்ளே காயம் அரைத்த வாசம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்களே, அது. அதற்கும் உள்ளே புளித்த தாய்ப்பால் வாசம்.

அவன் சுவிட்சை அணைத்தான். காற்றாடி நின்றது.

காற்று நிற்கவில்லை.

டிஸ்பென்சரி கதவு படாரென்று திறந்தது. அழகம்மா துணிப்பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். "சுடுதண்ணி வச்சும் கைகால் நீலமாவுது. இருந்தாலும் போயிரும், போனாலும் போயிரும். போற வழியிலயாவது தெய்வம் இருக்கான்னு பாப்போம். வண்டிய எடு."

முன் சீட்டில் ஜன்னலோரம் விஜயகலாவை உட்கார்த்தி, பிள்ளையை அவள் ரவிக்கைக்குள் உடம்போடு உடம்பாக வைத்துக் கம்பளியால் சுற்றினார்கள். பின் சீட்டில் அழகம்மா ஏறினாள். ஈயத்தாள் மூடிய எஞ்சின் வழியில் கொதித்துவிடக்கூடாது என்று முஹ்ஸினும் ஏறினார். டிரைவருக்கும் விஜயகலாவுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

பகல் பதினொன்றரை மணி. லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருந்தது. மூட்டம் கண்ணாடியில் வந்து மோதிக் கரைந்தது. கல் பெயர்ந்த ரோட்டில் வண்டி ஆடி ஆடி இறங்கியது. பிள்ளையின் முனகலைக் கேட்டுக்கொண்டே போனார்கள். அது கேட்கிறவரைக்கும் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

சுவிட்ச் அணைத்தே இருந்தது. டேஷ்போர்டின் காற்று வாயிலிருந்து குளிர்காற்று வந்துகொண்டே இருந்தது. இந்திரகுமார் ஒரு கையால் தன் சாரத்தின் மேல் இடுப்பில் கட்டியிருந்த துவாய்த் துண்டை அவிழ்த்து அந்த வாயில் அடைத்தான். துவாய் தானாக வெளியே வந்து அவன் காலில் விழுந்தது. எடுத்துப் பார்த்தான். விறைத்துப் போயிருந்தது.

"என்னங்க."

விஜயகலாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "எம்பக்கத்துல யாரு ஒக்காந்திருக்கா?"

"யாருமில்ல கலா."

"தோள்ல இடிக்கிறாங்க. ஈரமா இருக்கு."

அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்துவிட்டான். நடுவில் யாரும் இல்லை. ஆனால் சீட்டின் மெத்தை, ஒரு ஆள் உட்கார்ந்தால் எப்படிப் பள்ளம் விழுமோ, அப்படிப் பள்ளம் விழுந்திருந்தது.

பின்னால் முஹ்ஸின் ஓத ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது.

கோயில் முடக்கு வந்தது. வண்டி திரும்பும்போது, இந்திரகுமாரின் இடது காதுக்கு மிகப் பக்கத்தில், மூச்சுப்படுகிற தூரத்தில், அந்தக் குரல் கேட்டது.

"அண்ணே, கொஞ்சம் சூடு போடுங்கண்ணே."

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஓடியிருப்பான், பக்கத்தில் பிள்ளை இல்லையென்றால். வண்டியை ஓரத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் சேர்த்து அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"இருளாயி, நான் பாவி. அது அஞ்சு நிமிஷ வேல, நான் பாக்கல. நீ மூணு தரம் கேட்ட, நான் செய்யல. என்னைய என்ன வேணும்னாலும் செய்யி தாயி. இந்தப் புள்ளைய விட்டுரு."

குளிர் கூடியது. கண்ணாடியின் உள்பக்கத்தில் உறைபனி வெள்ளையாகப் பூத்தது.

"அய்யோ, முனகல் நின்னுருச்சி," என்றாள் விஜயகலா.

அழகம்மா பின்னாலிருந்து எட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வாழ்நாளில் முந்நூறு பிள்ளையாவது எடுத்திருப்பாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவள் மாதிரி விஜயகலாவின் காதில் குனிந்தாள்.

"கலா, நல்லா கேட்டுக்க. அவ நமக்குக் கெடுதல் செய்ய வரல. சூட்டப் பூரா அவ புள்ளைக்கு இழுத்துக்கிறா. பெத்தவ வேற என்ன செய்வா? நம்ம புள்ளைக்கு அவ ஒரு பொட்டுச் சூடு விட மாட்டா. அவ புள்ளையா இருந்தா விடுவா."

"என்னக்கா சொல்றீங்க?"

"தவிட்டுக்கு விக்கிறது தெரியுமில்ல?"

தெரியாதவர்கள் லயத்தில் இல்லை. பிள்ளை தங்காது என்று கண்டால், இன்னொருத்தியின் மடியில் போட்டு, இது உன் பிள்ளை என்று சொல்லி, அவளிடம் ஒரு பிடி தவிடு விலையாக வாங்கிக்கொள்வார்கள். எமன் பெற்றவள் வீட்டில் வந்து தேடி, பிள்ளை இல்லையென்று போய்விடுவான். பிள்ளை தேறிய பிறகு, அதே போல ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

"வேணாம்," என்றான் இந்திரகுமார். "செத்தவளுக்கா குடுக்கிறது? கலா, வேணாம்."

விஜயகலா அவனைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"அப்ப நீங்க குடுங்க சூடு," என்றாள்.

அவள் கம்பளியை விலக்கினாள். பிள்ளையைத் துணியோடு வெளியே எடுத்தாள். அது அசையவில்லை. உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. இரண்டு கையிலும் ஏந்தி நடு சீட்டுக்கு மேலே நீட்டினாள்.

"அக்கா, இருளாயிக்கா. இது ஒங்க புள்ள. எடுத்துக்குங்க."

கையை விலக்கினாள்.

பிள்ளை விழவில்லை.

துணிப்பொட்டலத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. பொட்டலம் மெல்ல, இப்படியும் அப்படியும், மடியில் ஆட்டுவதுபோல ஆடியது.

முஹ்ஸின் ஓதுவதை நிறுத்திவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிறகு சூடு வந்தது. முதலில் இந்திரகுமாரின் முழங்காலில் பட்டது. பிறகு கண்ணாடியில் பூத்திருந்த வெள்ளை உருகி வழிந்தது. டேஷ்போர்டு வாயிலிருந்து வந்த காற்று அடுப்பு வாயில் உட்கார்ந்தது மாதிரி முகத்தில் அடித்தது. யாரோ, எந்த மொழியிலும் சேராத ஒரு ராகத்தில், வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். அழகம்மா இல்லை. விஜயகலாவும் இல்லை.

பிள்ளை அழுதது. பூனை முனகல் இல்லை, நல்ல அழுகை.

இந்திரகுமார் வண்டியை எடுத்தான். கண்ணீர் வழிய வழிய, பக்கத்தில் பார்க்காமல், அந்த மூன்று மணிநேர ரோட்டை இரண்டு மணிநேரத்தில் ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கினாள். தூக்கும்போது எதிலோ சிக்கியதுபோல ஒருதரம் இழுத்தாள். பிறகு வந்துவிட்டது.

"ளமயா ஹொந்தட்ட ரஸ்னெய்," என்றாள் சிங்களத்தில், ஆச்சரியத்தோடு. பிள்ளை நல்ல சூடாக இருக்கிறது, இவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள்.

எல்லாரும் உள்ளே போன பிறகு முஹ்ஸின் பொனட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு இந்திரகுமாரின் கையைப் பிடித்து இழுத்து ஹீட்டர் பைப்பின் மேல் வைத்தார்.

பைப் ஜில்லென்றிருந்தது.

"டாப்புட கேபிள் முறிஞ்சிரிக்கி. டாப் பூட்டிக்கிட்டு இரிக்கி. ஒரு சொட்டுச் சுடுதண்ணி உள்ளுக்குப் போகல்ல. முறிஞ்ச எடத்துல சேறு காஞ்சிரிக்கி பாரு, மேல தோட்டத்து ரோட்டுலயே முறிஞ்சிரிக்கணும்." அவர் பொனட்டை மூடினார். "வந்த சூடு இஞ்சின் சூடு இல்ல, குமார். இனி இந்த வண்டிய என்ட கராஜுக்குக் கொண்டுவராத. கோவிச்சிக்காத."

அவர் பஸ்ஸில் போனார்.

பிள்ளை சூட்டுப் பெட்டியில் முப்பத்தெட்டு நாள் இருந்து தேறியது. இந்திரகுமார் தாயையும் பிள்ளையையும் அந்த வண்டியில் ஏற்றவில்லை. வாடகைக்குத் த்ரீவீல் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தான். லயத்து ஜனம் முழுக்க வந்து பார்த்தது. விற்ற பிள்ளைக்குப் பெற்றவர்கள் பேர் வைக்கக் கூடாது என்று அழகம்மா சொல்லியிருந்ததால் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டார்கள். வாரக்கணக்கில் இந்திரகுமாருக்கு மனசு நிறைந்திருந்தது. ஸ்டோர் கொட்டிலில் நின்ற டபுள்கேப்பை அவன் பகலில் மட்டும் எடுத்தான், நடு சீட்டில் யாரையும் ஏற்றாமல் ஓட்டினான்.

முதலில் கண்டுபிடித்தது விஜயகலாதான்.

"இவனுக்குக் கம்பளியே வேணாங்க. மேல ஒண்ணும் போடாட்டியும் சூடாவே இருக்கான்."

நல்லதுதானே என்றான் அவன்.

ஒரு வாரம் கழித்து, அவள் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். கேட்டதற்கு ரவிக்கையைக் காட்டினாள். பால் கட்டி, கல்லாக இறுகி, காய்ச்சல் வந்திருந்தது.

"ராத்திரியில பாலுக்கு அழவே மாட்டேங்குறான். எம்மாருல வச்சா மொகத்தத் திருப்பிக்கிறான். ஆனா விடியக்காலையில பாத்தா கடைவாயில பாலு ஒழுகியிருக்கு. வாயில பால் வாசம் அடிக்குதுங்க. எம்பாலு எனக்குத் தெரியாதா? இவன் யாருகிட்ட குடிக்கிறான்?"

இந்திரகுமார் அன்றைக்கே அழகம்மாவிடம் போனான்.

"அன்னைக்கி அவ தவிடு குடுக்கல, கொமாரு. வெல குடுக்காம எடுத்தா அந்த விக்கிறது செல்லாது. அதான் நமக்கு ஒரே வழி. நீ ஒரு புடி தவிட்ட வண்டியில, அவ ஒக்காந்த எடத்துல வச்சி, புள்ளையக் குடுன்னு கேளு. அவ தவிட்ட எடுத்துக்கிட்டா புள்ள நம்மளுது."

"எடுக்காட்டி?"

"எடுப்பா. அவளும் இந்தத் தோட்டத்துக்காரிதான். மொறை தெரிஞ்சவ."

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம், இந்திரகுமார் குளித்துவிட்டு, மாடு வைத்திருக்கிற வீட்டில் தவிடு வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனான். நடு சீட்டில் புது வெள்ளைத்துணியை விரித்தான். ஒரு பிடி தவிட்டை நடுவில் வைத்தான். கும்பிட்டான்.

"இருளாயி, நீ காப்பாத்திக் குடுத்த. சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம். கலா பெத்த புள்ள, அவளுக்குப் பால் கட்டிக் கெடக்குது. இத எடுத்துக்கிட்டு எங்க புள்ளையக் குடுத்துரு தாயி."

நாலு கதவையும் பூட்டினான். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். கொட்டில் வாசலிலேயே சாக்கை விரித்துப் படுத்தான். எவரும் வரவில்லை, எவரும் போகவில்லை. வெளுக்கிற நேரத்தில் எழுந்து, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கதவைத் திறந்தான்.

வெள்ளைத்துணி விரித்தபடியே இருந்தது. அவன் வைத்த தவிடு, அவன் விரல் பதிந்த தடத்தோடு, யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பிடி தவிடு இருந்தது.

இந்திரகுமார் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். அவனுடையது இரவுப் பனியில் நமுத்துக் குளிர்ந்து போயிருந்தது.

மற்றது சூடாக இருந்தது.